டேட்டா லாகருக்குத் தமிழ்: பதிவான், தொடர்பதிவி, பதிவி

நண்பர்களுக்கு வணக்கம்.

டேட்டா லாகருக்கு, அதாவது குறித்த இடைவெளியில் தானாகவே அளந்து நேரத்தோடு பதிந்துவைக்கும் கருவிக்கு, தமிழில் என்ன சொல்லலாம் என்று பேசிவரும் இந்த இழையில் நான் இதுவரை பேசாமல் இருந்தேன். கருவியைக் கையில் வைத்துக்கொண்டு பேசுவதுதான் சரி என்று தோன்றியது. புத்தகங்கள் அடுக்கிய ஓர் அறையில் வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் பதியும் டேட்டா லாகர் ஒன்றை அமைத்திருக்கிறேன். அங்கே வேலை பார்ப்பவர்கள் அடுத்த முறை தாங்களே அமைத்துக்கொள்ளும்படி தமிழில் ஒரு வழிகாட்டியும் எழுதிவருகிறேன். முதல் வாக்கியத்திலேயே கருவியின் பெயர் வேண்டும். அங்கேயே நின்றுவிட்டேன்.

இதுவரை வந்த சொற்களை அந்த வழிகாட்டிக்குள் வைத்து எழுதிப் பார்த்தேன். சில உடனே விழுந்துவிட்டன.

> தரவு பதிப்பி

பதிப்பி என்றதும் நூல்தான் நினைவுக்கு வருகிறது. பதிப்பு, பதிப்பகம், பதிப்பாசிரியர் என்று அந்தக் குடும்பம் முழுக்க அச்சுத் தொழிலுக்குப் போய்விட்டது. இனி அதைத் திரும்ப அழைக்க முடியாது.

> தரவுப் பதிவான்

முதலில் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் எழுதத் தொடங்கியதும் சிக்கல். "பதிவானில் பதிவான வெப்பநிலை" என்று வருகிறது. பதிவான மழை, பதிவான வாக்குகள் என்று அன்றாடம் படிக்கிறோம். கருவியின் பெயரும் அதே ஒலியில் இருந்தால் ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை படிக்க வேண்டியிருக்கும்.

தரவேடு அழகான சொல். ஆனால் ஏடு என்பது எழுதப்படும் பொருள், எழுதும் கருவி அல்ல. சேகரிப்பான் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. யாரும் எதையும் எந்த வரிசையிலும் சேகரிக்கலாம்.

வரிசை என்றேன். இந்தக் கருவிக்கு அதுதான் உயிர். கப்பலின் வேகத்தை அளக்க, முடிச்சுகள் போட்ட கயிற்றில் ஒரு மரக்கட்டையை (ஆங்கிலத்தில் லாக்) கட்டிக் கடலில் விடுவார்கள். குறித்த நேரத்துக்குள் எத்தனை முடிச்சுகள் கையை விட்டு ஓடின என்று எண்ணி ஏட்டில் எழுதுவார்கள். கட்டையின் பெயர் ஏட்டுக்கு ஒட்டிக்கொண்டது, ஏட்டிலிருந்து இந்தக் கருவிக்கு வந்தது. (கணக்கில் வரும் லாக், அதாவது மடக்கை, கிரேக்க வேரிலிருந்து வந்த வேறு சொல். இரண்டையும் ஒன்றாக்கி ஒரு மடல் வந்திருந்ததால் சொல்கிறேன்.) கட்டையை மொழிபெயர்த்து நமக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. நேரத்தோடு சேர்த்து எழுதுவது என்ற பொருள் மட்டும் போதும்.

வெப்பமானி இப்போது எவ்வளவு என்று சொல்லும். இந்தக் கருவி நேற்றிரவு இரண்டு மணிக்கு யாரும் இல்லாதபோது எவ்வளவு என்று சொல்லும். அதனால்தான் அமைப்பில் முதல் வேலை கடிகாரம். ஒருமுறை மின்கலத்தை மாற்றிவிட்டு நேரத்தைச் சரிபார்க்காமல் வைத்துவிட்டேன். கடிகாரம் 2000 ஜனவரி 1-க்குப் போய், அங்கிருந்து ஓடியிருக்கிறது. எண்கள் எல்லாம் சரியாக இருந்தன. எந்த எண் எந்த இரவுக்கு உரியது என்று மட்டும் தெரியவில்லை. இரண்டு வார வேலை வீணாயிற்று. எனக்கு அது இன்னும் வலிக்கிறது.

அப்புறம் இடைவெளி. தயவுசெய்து இதை இடைவேளை என்று எழுத வேண்டாம். இடைவேளை என்றால் வேலையை நிறுத்தி ஓய்வெடுப்பது. பத்து நிமிட இடைவெளி வைத்தால் ஒரு நாளைக்கு 144 பதிவுகள். 16,000 பதிவுகள் கொள்ளும் கருவி 111 நாள் தாங்கும். ஒரு நிமிடம் என்று வைத்தால் பதினொரு நாளில் நிரம்பிவிடும். இதிலும் இரண்டு வகை உண்டு. சில கருவிகள் பத்து நொடிக்கு ஒருமுறை அளந்து, பத்து நிமிடச் சராசரியை மட்டும் எழுதிவைக்கும். முதலாவதை அளவெடுப்பு இடைவெளி, இரண்டாவதைப் பதிவு இடைவெளி என்கிறேன். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் படிப்பவர் தவறாக அமைத்துவிடுவார்.

> தொடர்பதிவி என்பது பொருத்தம். இடைவிடாமல் பதிகிறதே!

இங்கேதான் நான் மறுக்கிறேன். இடைவிட்டுத்தான் பதிகிறது. இடைவிடாமல் பதிந்தது பழைய உருளைக் கருவி. வாரத்துக்கு ஒரு சுற்றுச் சுற்றும் உருளையில் தாளைச் சுற்றி வைத்திருப்பார்கள். ஈரம் கூடினால் நீளும் முடிக்கற்றை ஒரு முள்ளை அசைக்கும், வெப்பத்தால் வளையும் ஈருலோகத் தகடு இன்னொரு முள்ளை அசைக்கும். இரண்டு முட்களும் மை தீட்டிக்கொண்டே போகும். தொடர்பதிவி என்ற பெயர் அதற்கு அப்படியே பொருந்தும். நம் கருவியோ புள்ளி புள்ளியாக எழுதுவது. இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் யாராவது கதவைத் திறந்து மூடினால் அதற்குத் தெரியாமலே போகலாம். இல்லாத தன்மையைப் பெயரில் ஏற்றினால் வரைபடத்தைப் பார்ப்பவர் கோட்டை முழுதாக நம்பிவிடுவார்.

சரி, நேரத்தைப் பெயரில் வைக்கலாமா? நேரப்பதிவி என்றால் வேலைக்கு வந்த நேரத்தைப் பதியும் கருவி ஆகிவிடுகிறது. காலப்பதிவியும் அப்படியே.

தரவு என்ற முன்னொட்டும் வேண்டாம் என்றே நினைக்கிறேன். தரவு அருமையான சொல், தருவது தரவு. லத்தீன் மூலத்துக்கும் 'கொடுக்கப்பட்டது' என்றே பொருள். ஆனால் பதியப்படுவது எல்லாமே தரவுதான் என்னும்போது, பெயரில் அது புதிதாக எதையும் சொல்வதில்லை. எதை அளக்கிறது என்று சொன்னால் பயன் உண்டு. வெப்பமானி, ஈரமானி என்று மானி எப்படி ஒட்டி வளர்ந்ததோ, அப்படியே வெப்பப்பதிவி, ஈரப்பதிவி, இரண்டும் அளந்தால் வெப்ப ஈரப்பதிவி. பொதுவாகச் சொல்லும்போது வெறும் பதிவி.

"உலாவி, வழங்கி, உணரி எல்லாம் வினையிலிருந்து வந்தவை, பதிவு பெயர்ச்சொல் ஆயிற்றே" என்று ஒருவர் கேட்டிருந்தார். செயல் என்ற பெயர்ச்சொல்லிலிருந்து செயலி வந்து, இன்று எல்லார் வாயிலும் புழங்குகிறது. பதவி என்று தவறாகப் படிப்பார்கள் என்ற அச்சம் நியாயமானது. ஆனால் கணினியைக் கணிணி என்று எழுதுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதனால் அந்தச் சொல் வழக்கொழிந்துவிடவில்லை.

பதிவிக்குப் பக்கத்தில் குடும்பமும் தயாராக இருக்கிறது. ஒவ்வொரு வரியும் பதிவு, சேர்ந்த கோப்பு பதிவேடு. புதிதாக எதையும் உருவாக்க வேண்டியதில்லை.

மற்ற சொற்களில் நான் எடுத்த முடிவுகளையும் சொல்லிவிடுகிறேன். கருவி உடனே பதியாமல் சற்றுக் காத்திருந்து தொடங்கும் வசதியைத் தாமதத் தொடக்கம் என்றால் ஏதோ பழுதுபோல் கேட்கிறது. கைச்சூடு தணிந்து கருவி அறையோடு ஒத்துப்போகட்டும் என்றுதானே காத்திருக்கிறோம்? எனவே 'குறித்த நேரத்தில் தொடங்கு'. நினைவகம் நிரம்பினால் என்ன செய்வது என்ற இடத்தில் 'மேலெழுது' (ஓவர்ரைட்) வேண்டாம். 'பழைய பதிவை அழித்துத் தொடர்' என்றால்தான் எதை இழக்கிறோம் என்று அழுத்துபவருக்குப் புரியும்.

ரிலேட்டிவ் ஹியூமிடிட்டி என்பதற்குச் சார் ஈரப்பதமா ஒப்பு ஈரப்பதமா என்பதில் நான் ஒப்பு பக்கம். 60 சதவீதம் என்றால் காற்றில் 60 சதவீதம் தண்ணீர் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த வெப்பநிலையில் காற்று அதிகபட்சம் கொள்ளக்கூடிய நீராவியோடு ஒப்பிட்ட அளவு அது. 30 டிகிரியில் 50 சதவீதம் இருந்த காற்று, நீராவி கூடாமலே 20 டிகிரிக்குக் குளிர்ந்தால் 85 சதவீதத்தைத் தாண்டிவிடும். பகலில் நிம்மதியாக இருந்த புத்தக அறை இரவில் பூஞ்சைக்கு ஏற்ற இடமாவது இப்படித்தான். வெப்பமும் ஈரமும் ஒரே வரியில் பதியப்பட வேண்டும் என்பதற்கும் இதுவே காரணம்.

பிரிதிறன் (கருவி காட்டும் மிகச் சிறிய வேறுபாடு) வேறு, துல்லியம் (உண்மை அளவுக்கு எவ்வளவு அருகில் என்பது) வேறு என்பதையும் வழிகாட்டியில் பிரித்து எழுதியிருக்கிறேன். வெப்பமும் ஈரமும் அளக்கும் டி.எச்.டி.22 என்ற உணரி 0.1 டிகிரி வரை காட்டும். ஆனால் அதன் பிழை வரம்பு அரை டிகிரி. ஈரத்தைச் சோதிக்க, மூடிய பாத்திரத்தில் நனைத்த சமையல் உப்போடு பதிவியை அரை நாள் வைத்தால் போதும். உப்புக் கரைசல் கருவியில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சாதாரண அறை வெப்பநிலையில் பதிவி 75 சதவீதத்தை ஒட்டிக் காட்ட வேண்டும்.

கீழே உள்ள வரிகளில் பதிவிக்குப் பதிலாக உங்கள் சொல்லை வைத்துப் படித்துப் பாருங்கள்:

பதிவியின் கடிகாரத்தைச் சரிசெய்யவும்.
பதிவு இடைவெளியைப் பத்து நிமிடமாக வைக்கவும்.
பதிவியை வெயிலும் மின்விசிறிக் காற்றும் நேராகப் படாத இடத்தில் மாட்டவும்.
மாதம் ஒருமுறை பதிவேட்டைக் கணினிக்கு மாற்றவும்.

உப்புச் சோதனையில் 75-க்குப் பதில் 78 காட்டினால், கருவியில் மூன்றைக் கழிக்கச் சொல்லி ஓர் எண்ணைக் கொடுப்போமே, அதற்கு மட்டும் எனக்குச் சொல் அமையவில்லை. ஈடு, திருத்தெண் இரண்டையும் எழுதி அடித்துவிட்டேன். யாரிடமாவது நல்ல சொல் இருந்தால் அனுப்புங்கள்.

அன்புடன்.