வெள்ளி மேல் க்ளியர் ரெட்: ஓரங்களில் தேங்குகிறது

கேள்வி:
ஒரு குட்டி வீரன் பொம்மையின் மார்புக் கவசத்துக்கு வெள்ளி நிறப் பெயின்ட் அடித்து, மேலே டாமியா எக்ஸ்-27 க்ளியர் ரெட் என்ற ஒளி ஊடுருவும் சிவப்புப் பெயின்ட்டைத் தூரிகையால் பூசினேன். நடுவில் திட்டுத்திட்டாக வெளிறிவிட்டது, ஆணித்தலைகளைச் சுற்றி ரத்தம் உறைந்தமாதிரி கருத்துவிட்டது. மூன்று நாள் உழைப்பு, மனசே கேட்கவில்லை. எங்கே தவறினேன்?

பதில் 1:
ஒரே பூச்சில் முடிக்கப் பார்த்திருக்கிறீர்கள். ஒளி சாயத்துக்குள் போய் வெள்ளியில் பட்டுத் திரும்புவதால்தான் அந்த மினுமினுப்பு. சாயம் தடித்த இடத்தில் ஒளி திரும்பாது, கருமைதான் தெரியும். எக்ஸ்-20ஏ தின்னர் (பெயின்ட்டை நீர்க்கவைக்கும் திரவம்) கலந்து ஏர்பிரஷ்ஷில் (காற்றால் பெயின்ட் தூவும் கருவி) மெல்லிசாக நாலைந்து தடவை அடியுங்கள். பூச்சுக்குப் பூச்சு நன்றாகக் காயட்டும். தூரிகைதான் என்றால், பள்ளத்தில் தேங்குவதை ஈரம் காயுமுன் உலர்ந்த தூரிகை நுனியால் ஒற்றி எடுங்கள். பாதி காய்ந்ததை மறுபடி தொட்டால் கீழே உள்ளதும் பெயர்ந்துவிடும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி அண்ணா. மேலே மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் அடிக்கலாமா?

பதில் 1:
வேண்டவே வேண்டாம் தம்பி! மேட் பட்டால் மினுமினுப்பு செத்துவிடும். கவசத்துக்குப் பளபளப்பான க்ளாஸ் வார்னிஷ், துணிக்கு மட்டும் மேட்.

பதில் 2:
வெள்ளிக்குப் பதில் தங்க நிறம் அடித்துப் பாருங்கள். அதே சிவப்பு கனல்போல வரும். எனக்கு அதுதான் பிடிக்கும்.