அசாம் பீல்களில் வலை அடைப்பு: 8 மி.மீ. கண்ணியில் குஞ்சு நிக்குமா?

அலைமீன்:
பீல் ஏரியில (ஆத்து வெள்ளச் சமவெளியில இருக்கிற ஏரி) கெண்டைக் குஞ்சை வலை அடைப்பு கட்டி வளர்க்கறது வெட்டிவேலை, பொரிப்பகத்துல வாங்கி நேரா விட்டா போதும்னு ஒருத்தர் நேத்து எழுதியிருக்கார். எரிச்சலா வருது. பீல் முழுக்க விராலும் வாளையும். ஓர் அங்குலக் குஞ்சை விட்டா அதுங்களுக்குத்தான் தீனி. மூங்கில் நட்டு, வலையோட அடிவிளிம்பைச் சேத்துல புதைச்சு, விரலியாகி, அதாவது விரல் நீளக் குஞ்சாகி, நாலு அங்குலம் வர்ற வரைக்கும் உள்ளேயே வளர்க்கணும். அப்புறம் வலையைத் தூக்கினா ரோகு, கட்லா, மிர்கால் எல்லாம் அந்தத் தண்ணியிலேயே பரவிடும். வண்டியில ஏத்தி வந்து பாதி சாகடிக்க வேண்டாம். பாரக்பூர் மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் இதை அசாம் பீல்கள்ல செஞ்சே காட்டியிருக்கு. கண்ணி, அதாவது வலையோட ஓட்டை, 8 மி.மீ. போதும்.

மூங்கில்கழி:
8 மி.மீ.யா? ஓர் அங்குல ரோகு உரசாம வெளிய போயிடும். 4 மி.மீ. வேணும். குஞ்சைக் கண்ணால பார்த்திருக்கீங்களா?

அலைமீன்:
உங்களைவிட அதிகமாவே பார்த்திருக்கேன். 4 மி.மீ. கட்டினா பாசி அடைச்சு தண்ணி ஓட்டம் நின்னுடும். விடியக்காலையில குஞ்செல்லாம் மேல வந்து வாய் பிளக்கும். 8 தான்.

சேத்துக்கால்:
ஒரு சந்தேகம். முடிச்சுக்கு முடிச்சு 8-ஆ, இழுத்துப் பிடிச்சு அளந்த 8-ஆ? இழுத்து அளந்தா ஒரு பக்கம் 4 தானே வரும்?

மூங்கில்கழி:
பாசி அடைச்சா தேய்ச்சுக் கழுவணும். சோம்பேறிக்கு எதுக்கு மீன் பண்ணை? 4 மி.மீ.

அலைமீன்:
போன தடவை புல்கெண்டை விஷயத்துலயும் இப்படித்தான் வம்புக்கு வந்தீங்க. அந்தக் கோபம் இன்னும் தீரலையா? 8.

கண்மாய்க்கரை:
எங்க கண்மாய்ல இதெல்லாம் இல்லாமலே மீன் வளருது.

அலைமீன்:
உங்க கண்மாய் கோடையில காஞ்சுடும். வத்தும்போது விராலும் பெரும்பாலும் மிஞ்சாது. பீல்ல வருஷம் முழுக்கத் தண்ணி நிக்கும், பிரம்மபுத்திரா வெள்ளத்துல புதுசா வாளை வேற வந்து சேரும். ரெண்டையும் ஒண்ணாப் பேசாதீங்க.

கண்மாய்க்கரை:
எங்க கண்மாயைக் கேவலமாப் பேசாதீங்க. ஊர் கூடி மீன்பிடித் திருவிழா நடத்துற இடம் அது!

கரையோரம்:
மி.மீ. சண்டையை விடுங்க. பீலையெல்லாம் குத்தகைக்கு விடுறாங்க. எடுத்தவன் அடைப்பு கட்டிட்டா, கரையில தூண்டில் போட்டுப் பிழைக்கிறவன் எங்க போவான்?

அலைமீன்:
அடைப்பு மூலையில சின்ன இடம்தான், மூணு மாசத்துல பிரிச்சுடலாம். கூட்டுறவுச் சங்கமா எடுத்துச் செஞ்சா அந்த மீனவனுக்கே வருமானம்.

கரையோரம்:
சங்கத் தலைவருக்கு வருமானம்னு சொல்லுங்க.

மூங்கில்கழி:
பேச்சை மாத்தாதீங்க. 8 மி.மீ.யில ஓர் அங்குலக் குஞ்சு நிக்குமா நிக்காதா?

அலைமீன்:
கட்லாவுக்குத் தலை பெருசு. நிக்கும்.

மூங்கில்கழி:
நான் கேட்டது ரோகு!

சேத்துக்கால்:
அளந்தது எப்படின்னு இன்னும் யாரும் சொல்லலையே?

அலைமீன்:
ஆகாயத்தாமரை காத்துல வந்து மோதினா உங்க 4 மி.மீ. வலை மூங்கிலோட சாயும். அதுக்கு முதல்ல பதில் சொல்லுங்க. 8 தான்.