புதுப்பிப்பு: இரிடியம் ஃப்ளேர் எங்கே போச்சு?

போன வாரம் கேட்டிருந்தேன்: செயற்கைக்கோள்கள் எப்போது தெரியும் என்று சொல்லும் ஹெவன்ஸ்-அபவ் தளத்தில் இரிடியம் ஃப்ளேர் (இரிடியம் தொலைபேசிச் செயற்கைக்கோள்கள் வெயில் பட்டுச் சில நொடி பளிச்சென மின்னுவது) பட்டியலையே காணோமே, ஊரின் அட்சரேகையைத் தப்பாகப் போட்டுவிட்டேனா என்று. தப்பு அதில் இல்லை. மின்னுவதற்கு அந்தச் செயற்கைக்கோள்களே இல்லை!

1997 முதல் ஏவிய முதல் தலைமுறை இரிடியங்களில் கதவளவு ஆன்டெனா தகடுகள் மூன்று, கண்ணாடி மாதிரி. செயற்கைக்கோள் அசங்காமல் ஒரே நிலையில் பறந்ததால், வெயில் எந்த ஊரில் தெறிக்கும் என்று நொடி சுத்தமாகக் கணிக்க முடிந்தது. சில கிலோமீட்டர் தள்ளி நின்றாலே பிரகாசம் பாதியாகிவிடும். 2017இலிருந்து புதிய தலைமுறை மேலே போக, பழையவற்றை ஒவ்வொன்றாக இறக்கி எரித்துவிட்டார்கள். புதியதில் அந்தத் தகடு கிடையாது. செத்துப்போன சில மட்டும் இன்னும் மேலே உருண்டுகொண்டிருக்கின்றன. அவை மின்னினால் நம் அதிர்ஷ்டம்.

விடவில்லை. நேற்று விடிகாலை மூன்று மணிக்கு மொட்டைமாடி. கிழக்கே, தென்னை மட்டைக்குச் சற்று மேலே ஒரு புள்ளி வீங்கி, வெள்ளிக் கிரகம் போல் எரிந்து, நாலைந்து நொடியில் அணைந்தது. ஒரு நிமிடத்தில் அதே இடத்தில் இன்னொன்று. ஸ்டார்லிங்க் இணையச் செயற்கைக்கோள்கள்தான் என்று நினைக்கிறேன்: சூரியன் அடிவானத்துக்குக் கீழே 40 டிகிரி வாக்கில் இருக்கும்போது, அந்தப் பக்கம் தாழ்வாக அவை இப்படி மின்னும். கொசு மட்டும் எந்தக் கணிப்புக்கும் காத்திருக்கவில்லை.

இன்றைக்கு முக்காலியோடு ஏறுகிறேன். படம் தேறினால் போடுகிறேன்.