ஃபிரான்சைஸ் ஒப்பந்தத்தை இடையில் முறிப்பது குறித்து ஆலோசனை தேவை

குழு அன்பர்களுக்கு வணக்கம். செந்தூலில் என் தமக்கையும் அவர் கணவரும் ஒரு நிறுவனத்தின் ஃபிரான்சைஸ் உரிமம் (அதன் பெயரிலும் முறையிலும் கடை நடத்தும் உரிமை) பெற்றுப் பானக்கடை நடத்தி வருகிறார்கள். ஒப்பந்தத்தில் வாக்களித்த பயிற்சியும் விளம்பர ஆதரவும் கிடைக்கவில்லை; மூலப்பொருளும் நேரத்துக்கு வருவதில்லை. அந்த உரிமைக்காக நாங்கள் கட்டும் ராயல்டி கட்டணத்தின் பில் மட்டும் ஒருமுறைகூடத் தாமதித்ததில்லை.

மலேசியாவின் 1998ஆம் ஆண்டு ஃபிரான்சைஸ் சட்டத்தைப் படித்துப் பார்த்தேன். ஒப்பந்தக் காலம் குறைந்தது 5 ஆண்டுகள் என்பதால், கையெழுத்திட்டபின் மனம் மாறினால் விலகிக்கொள்ளக் கிடைக்கும் குறைந்தது 7 வேலைநாள் அவகாசம் கடந்துவிட்டால், 31ஆம் பிரிவு கூறும் 'தக்க காரணம்' இருந்தால்தான் முன்கூட்டியே விலக முடியும். மறுதரப்பு ஒப்பந்தத்தை மீறியிருந்தால், குறையைச் சரிசெய்ய 14 நாள்களுக்குக் குறையாத அவகாசம் அளித்து எழுத்துப்பூர்வமாக நோட்டீஸ் தர வேண்டும் என்றும், கடையை நாமாகக் கைவிட்டால் அதுவே நமக்கு எதிரான காரணமாகிவிடும் என்றும் புரிந்துகொண்டேன். ஆகவே, இப்போதைக்குக் கடையை மூட வேண்டாம் எனச் சொல்லியிருக்கிறேன்.

சரக்குத் தாமதம், பயிற்சியின்மை ஆகியவற்றை நிரூபிக்க வாட்ஸ்அப் உரையாடல்களும் டெலிவரி ரசீதுகளும் போதுமா? மீதி ஒப்பந்தக் காலத்துக்கான ராயல்டி முழுவதையும் செலுத்த வேண்டும் என்ற ஒப்பந்த விதி, தவறு அவர்கள் பக்கம் இருக்கும்போதும் செல்லுமா? விலகிய பின் 2 ஆண்டுகள் அதே வகை வியாபாரம் செய்யலாகாது என்று 27ஆம் பிரிவு விதிப்பதால், மாமா அதே இடத்தில் சாப்பாட்டுக் கடை திறக்கலாமா என்பதும் எங்களுக்கு முக்கியமான கேள்வி.

இத்தகைய வழக்கில் அனுபவமுள்ள கோலாலம்பூர் வழக்கறிஞர் எவரையேனும் அறிந்தவர்கள் எனக்குத் தனிச்செய்தியில் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.