சமத்துவபுரம் மாடல்: 100 வீட்டை எப்படிப் பிரிப்பது?

கட்டடக்கலை மாணவி, சென்னை:
ஸ்டூடியோ பாடத்துக்காக, எல்லாச் சாதியினரும் கலந்து வாழ அரசு கட்டிய குடியிருப்பான பெரியார் நினைவு சமத்துவபுரத்தை 1:200 அளவில் மாடல் செய்கிறோம். மனை எவ்வளவு, எந்தப் பிரிவினருக்கு எத்தனை வீடு? சென்னைக்குள்ளேயே போய்ப் பார்க்க ஒன்று இருக்கிறதா?

பதில் 1:
இது ஊரக வளர்ச்சித் துறையின் திட்டம். மாநகராட்சி எல்லைக்குள் தேடாதீர்கள், காஞ்சிபுரம், திருவள்ளூர் பக்கம் விசாரியுங்கள். முதல் சமத்துவபுரத்தை மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் 17.8.1998 அன்று அன்றைய முதல்வர் கருணாநிதி திறந்துவைத்தார். 100 வீட்டில் ஆதிதிராவிடருக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, இதர வகுப்பினருக்கு 10. வீட்டுக்கு 5 சென்ட், அதாவது 2,178 சதுர அடி.

பதில் 2:
33க்கு 66 அடி என்று மனையை வெட்டினால் சரியாக 2,178 வரும். 1:200இல் அது 5க்கு 10 செ.மீ. தெருவுக்கு இருபக்கமும் பத்துப் பத்து வீடு, நடுவே 20 அடி ரோடு (3 செ.மீ.) என்று வைத்தால் ஐந்து தெருவுக்கு 115க்கு 50 செ.மீ. போதும். 4க்கு 3 அடி பிளைவுட் வாங்குங்கள். மீதி 40 செ.மீ. பட்டை குறுக்கு ரோடு, சமுதாயக் கூடம், விளையாட்டுத் திடல், பெரியார் சிலைக்கு ஆகும். மனைகள் மட்டுமே 5 ஏக்கர். பொது இடத்தைக் கணக்கில் சேர்க்க மறந்துவிடாதீர்கள், பலரும் தவறுவது அங்கேதான்.

பதில் 3:
அளவை விட முக்கியம் கலப்பு. 20 வீட்டுத் தெருவுக்கு 8, 5, 5, 2 என்று போட்டால்தான் 40, 25, 25, 10 பிசகாமல் வரும். அந்த 8 வீட்டையும் தெருக்கோடியில் சேர்த்து வைத்தால் புதிய சேரியைத்தான் கட்டியிருப்பீர்கள். வீட்டு எண்களைக் குலுக்கிப் போடுங்கள், ஒரே பிரிவு மூன்று வீடு தொடர்ந்து வந்தால் மறுபடி குலுக்குங்கள். ஒப்பீட்டுக்குக் கண்ணகி நகரைப் பாருங்கள். நகரின் பல இடங்களிலிருந்து அகற்றப்பட்ட ஏழைகளை மட்டும் ஒரே இடத்தில் குவித்த குடியிருப்பு அது, கலந்து வாழ்வதற்கு நேரெதிர்.

இன்னொன்று: பொதுச் சுடுகாடு. ஊருக்கு ஒன்று, சேரிக்கு ஒன்று என்று பிரிந்து கிடப்பதை மாற்றத்தான் அது திட்டத்தில் வந்தது. மாடலில் அதற்கு ஒரே பாதை வையுங்கள், எந்தத் தெருவிலிருந்து புறப்பட்டாலும் அந்தப் பாதையில்தான் போய்ச் சேர வேண்டும்.

கட்டடக்கலை மாணவி, சென்னை:
சுடுகாட்டை நாங்கள் விட்டே விட்டோம்! குறுக்கு ரோட்டின் முனையில் சேர்க்கிறோம். ஐந்து தெருவும் அந்த ரோட்டில்தான் வந்து முட்டுகின்றன.