மறுமொழி: ‘உறிஞ்சு குருணை’ என்ற சொல்லில் முன்பாதி வேண்டாம்

> போன்சாய் மண்கலவையில் மலிவாகச் சேர்க்கிற ‘ஆப்சார்பென்ட் கிரானுல்ஸ்’ என்பதற்கு ‘உறிஞ்சு குருணை’ என்று போடலாமா? ஒர்க்‌ஷாப் தரையில் சிந்திய எண்ணெய்மேல் தூவுவது, பூனைக்கு மணலாக வைப்பது எல்லாமே இதில் அடங்கிவிடும்.

போன்சாய், அதாவது தட்டில் குட்டையாக வளர்க்கும் மரம், அதன் சொற்களுக்குத் தமிழ்ப் பட்டியல் போடும் நம் குழுவினருக்கு வணக்கம்.

மல்லேஸ்வரம் அக்கா மேலே தந்த சொல்லில் பின்பாதி அருமை. முன்பாதியோடுதான் எனக்குப் பகை. காரணம், என் மொட்டைமாடியில் செத்துப்போன ஓர் ஆலங்கன்று.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ‘குருணை’யை நாம் புதிதாக உருவாக்க வேண்டியதே இல்லை. உரக்கடையில் குருணை மருந்து என்றுதான் கேட்கிறார்கள், கடைக்காரரும் எடுத்துத் தருகிறார். ‘துகள்’ என்றால் கண்ணுக்கே தெரியாத ஒன்றாகிவிட்டது. இயற்பியல்காரர்கள் அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். ‘பரல்’ எனக்கு ரொம்பப் பிடித்த சொல். கண்ணகியின் சிலம்புக்குள் இருந்த மாணிக்கமே பரல்தான். ஆனால் லால்பாக் பக்கத்து நர்சரியில் நின்றுகொண்டு ‘ரெண்டு கிலோ பரல்’ என்று கேட்டால் தமிழ் தெரிந்த பையன்கூட விழிப்பான். ‘ஜல்லி’யில் பெங்களூர்க்காரர்களுக்கு ஒரு வசதி, கன்னடத்திலும் ஜல்லி ஜல்லிதான். ஆனால் அதைக் கேட்டதும் கண்முன் லாரி வந்து நிற்கிறது. ஆகவே குருணை.

இனி உறிஞ்சுவது.

அகடாமா தெரியும்தானே, ஜப்பானில் தோண்டி, உலர்த்தி, சலித்து போன்சாய்க்கு விற்கும் எரிமலைச் சாம்பல் மண். அது கப்பலேறி இங்கே வந்து சேரும்போது விலை என் கைக்கு எட்டவில்லை. வெளிநாட்டில் பூனை மணலைப் போட்டு மரம் வளர்க்கிறார்கள் என்று படித்திருந்தேன். சரி, பூனைக்கு ஆவது ஆலுக்கும் ஆகும் என்று செல்லப்பிராணிக் கடை ஒன்றில் ஐந்து கிலோ மூட்டை வாங்கினேன். ‘இயற்கைக் களிமண், நன்கு உறிஞ்சும்’ என்று மேலே போட்டிருந்தது. அதில் பொய் ஒன்றும் இல்லை. உறிஞ்சத்தான் செய்தது. இலைமக்கோடு பாதிக்குப் பாதி கலந்து, பதினொரு வருட ஆலங்கன்றை அதில் மாற்றி வைத்தேன். செப்டம்பர் மழை நாலு நாள் விடாமல் பிடித்தது. ஐந்தாம் நாள் தட்டில் இருந்தது மண் அல்ல, கேழ்வரகுக் களி. விரலை விட்டால் விரல் வரவில்லை. அது காய்ந்தபோது பாளம் பாளமாக வெடித்து, வேரையும் சேர்த்துப் பிய்த்தது. மிச்சமிருந்த வேர் கறுத்து நாறியது.

அந்த மூட்டையில் இருந்தது பென்டோனைட். நம் நாட்டில் கட்ச், பார்மர் பக்கம் வெட்டியெடுக்கும் களிமண். நீர் பட்டால் பல மடங்கு ஊதும், ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும். பூனை மணலில் அதற்குத்தான் மதிப்பு, கட்டியை மட்டும் அள்ளி எறிந்துவிடலாம். மரத்துக்கு அதுவே எமன். இப்போது அக்காவின் சொல்லை அந்த மூட்டைக்குப் பொருத்திப் பாருங்கள்: உறிஞ்சுகிறது, குருணையாகவும் இருக்கிறது. நம் பட்டியலில் இந்தச் சொல் முன்பே ஏறியிருந்தாலும், அதைப் பார்த்துவிட்டு நான் இதே மூட்டையைத்தான் வாங்கியிருப்பேன்.

பிரிட்டனில் மரம் வளர்ப்பவர்கள் போடும் பூனை மணலும் உறிஞ்சுவதுதான். ஆனால் அது வேறு சரக்கு. டென்மார்க்கின் மோர்ஸ், ஃபூர் தீவுகளில் கிடைக்கும் மண், டயாட்டம் என்ற நுண்பாசிகளின் சிலிக்கா ஓடுகளும் களிமண்ணும் கலந்தது. அதைச் சூளையில் சுட்டு விற்கிறார்கள். அமெரிக்காவில் வண்டி உதிரிபாகக் கடைகளில் எண்ணெய் உறிஞ்ச விற்கும் டயாட்டக் குருணை, பேஸ்பால் மைதானத்தில் சேறாகாமல் இருக்கத் தூவும் களிமண் குருணை, போன்சாய்க்காரர்கள் தேடிப் போகும் இவையும் சுட்டவையே. களிமண்ணைச் சுமார் 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சுட்டால் அதன் படிகத்துக்குள்ளேயே கட்டுண்டிருக்கும் நீர் வெளியேறிவிடுகிறது. அதற்குப் பிறகு எவ்வளவு ஊறவைத்தாலும் அது பழையபடி சேறாவதில்லை. உடைந்த பானையை ஊறவைத்து மறுபடி பானை வனைய முடியாது என்பது நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சுட்ட மண்ணும் பச்சை மண்ணும் ஒட்டுமா என்று பழமொழியே இருக்கிறது.

அந்தப் பழமொழியில்தான் நமக்கு வேண்டிய இரண்டு சொல்லும் கிடக்கின்றன. சுடுமண் குருணை, பச்சைமண் குருணை. முதலாவது மரத்துக்கு, இரண்டாவது பூனைக்கு. கீழடியில் கிடைத்த சுடுமண் உறைகிணற்றுக்குப் பிறகு ‘சுடுமண்’ செய்தித்தாள் படிக்கும் எல்லோருக்கும் பழகிய சொல்.

ஒவ்வோர் ஊரும் இதற்கு எப்படிப் பெயர் வைத்தது என்று பாருங்கள். ஜப்பானியர் நிறத்தையும் வடிவையும் பார்த்தார்கள், அகடாமா என்றால் செவ்வுருண்டை. இன்னொரு மண்ணுக்கு அது கிடைக்கும் ஊரின் பெயர், கனுமா. ஆங்கிலக்காரர்கள் எதற்குப் பயன்படுகிறது என்று பார்த்தார்கள், எண்ணெய்க்கும் பூனைக்கும். நாம் எப்படிச் செய்யப்பட்டது என்று பார்த்து வைப்போமே. வாங்குகிறவன் கடையில் கேட்கவேண்டிய ஒரே கேள்வி ‘சுட்டதா?’ என்பதுதான். பெயரே அந்தக் கேள்வியைக் கேட்கட்டும்.

கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். ஒரு டம்ளரில் குருணையை ஊறப்போட்டு ஃப்ரீசரில் வைத்து, மறுநாள் உருகவிடுங்கள். நீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரியும். அரைவேக்காட்டுச் சரக்கு என்றால் அந்த விரிவிலேயே நொறுங்கிச் சேறாகிவிடும். இரண்டு மூன்று முறை உறைந்து உருகியும் விரலிடுக்கில் அழுத்தினால் குருணையாகவே நிற்கிறதா, தைரியமாகப் போடலாம்.

அல்சூர்

* * *

> சுடுமண்ணை ஏற்கிறேன், ஆனால் மூன்று ஐயம். ஒன்று, டயாட்டம் களிமண் அல்லவே. அதைச் சுடுமண் என்பது சரியா? இரண்டு, செங்கல்லை உடைத்துப் போடுகிறோமே, அதுவும் இதுவும் ஒன்றா? மூன்று, தொட்டி மண்ணில் கலக்கும் வெள்ளைப் பெர்லைட்டும் சூட்டில் செய்வதுதான், அதுவும் இதில் வந்துவிடாதா? வேதியியல் வாத்தியாராக இன்னொன்று: ‘உறிஞ்சு’ போனதில் எனக்கு மகிழ்ச்சிதான். மேற்பரப்பில் மட்டும் ஒட்டிக்கொள்ளும் பரப்புக் கவர்தலையும் உள்ளே இழுத்துக்கொள்ளும் உட்கவர்தலையும் ஒரே ‘உறிஞ்சு’க்குள் திணித்திருப்போம்.

ஐயா, வணக்கம்.

முதல் ஐயத்துக்கு நம் மொழியே தாராளமாக இடம் தருகிறது. களிமண் வேறு, மண் வேறு. டயாட்டத்தையும் ஆங்கிலத்தில் மண் என்றுதான் சொல்கிறார்கள். பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘சுட்ட டயாட்டக் குருணை’ என்று நீட்டிக்கொள்வோம்.

இரண்டாவது: ஆம், ஒன்றுதான். மறுக்கவே மாட்டேன். செங்கல்லைக் கன்னடத்தில் இட்டிகெ என்கிறார்கள். பழந்தமிழில் நாமும் இட்டிகை என்றவர்கள்தான். போன மாதம் குயவர்கள் இருக்கும் பாட்டரி டவுன் போயிருந்தேன். அங்கே ஒரு சூளைக்குப் பக்கத்தில் உடைந்த தொட்டிகள் குவிந்து கிடந்தன. ‘இந்த ஓட்டாஞ்சில்லை எடுத்துக்கலாமா’ என்று கேட்டேன். வனைந்துகொண்டிருந்தவர் தலை நிமிராமல், ‘தூக்கிட்டுப் போங்க, இடம் காலியாகும்’ என்றார். கோணிப்பையில் போட்டுச் சுத்தியால் உடைத்துச் சலித்தேன். காசு செலவில்லை, தோள்வலிதான். உடைத்தது கூர்முனையோடு இருக்கும், ஆலையில் செய்தது ஓரளவு உருண்டிருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். வேண்டுமானால் ‘செங்கற் குருணை’, ‘ஓட்டுக் குருணை’ என்று கிளைகள் இருக்கட்டும். அரைகுறையாக வெந்த செங்கல் மட்டும் வேண்டாம். இரண்டு மழையில் மாவாகிவிடும்.

மூன்றாவது எனக்கு உற்சாகமான இடம். பெர்லைட் மண் அல்ல, எரிமலைக் கண்ணாடி. உள்ளே சிறைப்பட்ட நீர் சூட்டில் ஆவியாகி வெடிக்க, அது பொரிகிறது, நம் நெற்பொரி மாதிரியே. அதற்கு ‘எரிமலைப் பொரி’ என்று நான் முன்மொழிகிறேன். சிரிப்பவர்கள் சிரிக்கலாம். சூளையில் ஊதவைத்துச் செய்யும் களிமண் உருண்டைகளுக்கும் ‘பொரிமண் உருண்டை’ சரியாக வரும்.

அரிசியை இன்னும் கொஞ்சம் இழுக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தக் குருணையில் அளவுதான் முக்கியம். போன்சாய்த் தட்டு மூன்று விரல் ஆழம். எவ்வளவு நீர் ஊற்றி வடித்தாலும் அடியில் ஓர் அடுக்கு நனைந்தே நிற்கும்; மண் எவ்வளவு நுண்மையோ அவ்வளவு உயரத்துக்கு அது நிற்கும். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை நனைத்துப் படுக்கவைத்துச் சொட்டு நின்றதும் செங்குத்தாக நிறுத்துங்கள், மறுபடி சொட்டும். ஆழமான தொட்டி நிறுத்திய ஸ்பாஞ்சு, நம் தட்டு படுத்த ஸ்பாஞ்சு. தட்டில் வேர் முழுக்க அந்த நனைந்த அடுக்கிலேயே மூழ்கிவிடும். அதனால் 2 மில்லிமீட்டருக்குக் கீழே உள்ளதைச் சலித்துக் கழிக்கிறோம், 5-க்கு மேல் உள்ளதைத் தட்டின் அடியில் பரப்புகிறோம். இடையில் நிற்பது குருணை. சல்லடையில் விழும் சிறியது நொய், அதற்கும் கீழே பறப்பது புழுதி. ‘தவிடு’ என்று சொல்ல ஆசைதான், ஆனால் மாட்டுக்கு வைத்துவிடுவார்கள்.

புழுதியைப் பற்றிக் குறிப்பில் ஒரு வரி கட்டாயம் வேண்டும். டயாட்டத்தை அதிகச் சூட்டில் சுடும்போது படிகச் சிலிக்கா உண்டாகலாம், அது நுரையீரலுக்கு ஆகாது. நனைத்துவிட்டுச் சலிக்க வேண்டும், மூக்கில் மாஸ்க் வேண்டும்.

ஒரு சிக்கல் இருக்கிறது. எங்கள் பாட்டி வீட்டில் குருணை பெரியது, நொய் சிறியது. மல்லேஸ்வரம் அக்கா நேற்று போனில், ‘எங்க ஊர்ல ரெண்டும் ஒண்ணுதான்டா’ என்றார். இரண்டையும் தலைகீழாகச் சொல்லும் ஊரும் இருக்கலாம். உங்கள் வீட்டில் எப்படி என்று எழுதுங்கள், அம்மாவிடமோ மாமியாரிடமோ கேட்டுவிட்டு எழுதினால் இன்னும் நல்லது. ஒத்துவராவிட்டால் ‘நொய்’யை விட்டுவிட்டு ‘சலிப்புக் கழிவு’ என்று போடுவோம். சுடுமண் குருணை, பச்சைமண் குருணை இரண்டுக்கும் ஞாயிற்றுக்கிழமைக்குள் மறுப்பு வராவிட்டால் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். எரிமலைப் பொரிக்குத் தனி இழை தொடங்குங்கள், அங்கே அடித்துக்கொள்ளலாம்.

அல்சூர்

பி.கு.: மூட்டையில் மிச்சமிருந்த இரண்டு கிலோ பச்சைமண் குருணையைக் கீழ்வீட்டுப் பூனைக்குக் கொடுத்துவிட்டேன். அதற்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.