ஐசியூ நர்ஸ்களே, இதிலிருந்து எப்படி மீண்டீர்கள்?

எல்லோருக்கும் வணக்கம். 2020, 2021 கொரோனா அலைகளின்போது ஐசியூவில்தான் எனக்கு டியூட்டி. இப்போது வார்டு வழக்கம்போல ஓடுகிறது. ஆனால் மானிட்டர் அலாரம் அடித்தால் எனக்கு உள்ளங்கை வியர்த்துவிடுகிறது. தூக்கமும் சரியில்லை.

கவச உடைக்குள் வெந்தது, தண்ணீர் குடிக்காமல் வேலை பார்த்தது, சுவாச டியூப் நழுவாமல் நாலைந்து பேராகச் சேர்ந்து நோயாளியைக் குப்புறப் புரட்டி, 16 மணி நேரம் கழித்துத் திரும்ப மல்லாத்தியது எல்லாம் மறந்தே போச்சு. மறக்காதது போன்தான். உறவினர்களை உள்ளே விட முடியாது. பிளாஸ்டிக் கவரில் போட்ட போனை நோயாளியின் காதருகே நான் பிடித்துக்கொள்வேன். மயக்க மருந்தில் கிடக்கும் அப்பாவிடம் மகள் பேசிக்கொண்டே இருப்பார். பக்கத்துப் படுக்கையில் ஆக்சிஜன் அளவு இறங்கிக்கொண்டிருக்கும். போதும் என்று அந்தப் பெண்ணிடம் எந்த வாயால் சொல்வது?

அப்போது எங்களுக்குக் கைதட்டினார்கள், சரி. அப்புறம் யாரும் உட்கார வைத்து ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதிர்ச்சிக்குப் பிந்தைய பாதிப்புக்கு சிபிடி (எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சை), இஎம்டிஆர் (கண்களை இடவலமாக அசைத்தபடி அந்த நினைவுகளைக் கையாளும் சிகிச்சை) என்று சிகிச்சைகள் இருப்பது தெரியும். போய்ப் பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள், முதல் சில அமர்வுகள் எப்படி இருந்தன? ஷிப்ட் வேலையோடு சமாளிக்க முடிந்ததா? ஐசியூவை விட்டு வேறு பிரிவுக்கு மாறியவர்களுக்கு அலாரம் பயம் குறைந்ததா? 'தியானம் செய், சரியாகிவிடும்' வகை அறிவுரை மட்டும் வேண்டாம், ப்ளீஸ். பொதுவில் எழுதத் தயங்குபவர்கள் இன்பாக்ஸில் வரலாம்.